முற்பகலில் பணியேற்றேன்

பணியேற்புக் கடிதம் நான்கே வரிதான். எந்த ஆணையின்படி வந்திருக்கிறேன், என்ன பதவி, என்ன தேதி, முற்பகலா பிற்பகலா. முற்பகல் என்று எழுதிக் கொடுத்தால் அன்றிலிருந்தே பணிநாள் கணக்கு ஓடும். பிற்பகல் என்றால் மறுநாளிலிருந்து. அந்த ஒரு சொல்லுக்காக விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து வருகிறவர்கள் உண்டு.

காவிரிப் படுகையில் உள்ள ஒரு நெல் ஆராய்ச்சி நிலையத்தில், கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. என் மேசைக்கு நேர் எதிரே வராந்தாவின் மரப்பெஞ்சு. இடப்பக்கச் சன்னலைத் திறந்தால், நெல் ரகங்களைக் கலக்கும் கிராஸிங் வயலும் அதை ஒட்டிய வேப்பமரமும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் முதலில் அந்தப் பெஞ்சில் உட்காருவார்கள், பிறகு அந்த வயலில் இறங்குவார்கள். பில்களுக்கு எண் போட்டுக்கொண்டே இரண்டையும் பார்ப்பேன். நானாகப் போய் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. பார்த்ததை மறப்பதும் இல்லை.

ஆவணி பிறந்து வந்த முதல் திங்கட்கிழமை அந்தப் பெண் வந்தாள். கூட அப்பா. நியமன ஆணை ஆடியிலேயே கைக்குப் போயிருந்தது. அவகாசம் இருந்ததால், ஆடி கழியட்டும் என்று வீட்டில் காத்திருந்திருக்கிறார்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் சான்றிதழ்களின் அசல், நகல், புகைப்படங்கள், மருத்துவச் சான்று. அவர் கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு அகலவில்லை. திங்களன்று ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம். பத்தரைக்கு மேல் எமகண்டம். இடையில் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்துக்குள் மகள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். கண்காணிப்பாளர் வந்து உட்கார ஒன்பதரை ஆயிற்று. அதுவரை அந்த மனிதர் பெஞ்சில் முதுகைச் சாய்க்கவே இல்லை.

திருவண்ணாமலைப் பக்கம் மானாவாரி நிலம், நிலக்கடலை விவசாயம் என்று கண்காணிப்பாளரிடம் சொன்னார். பெண் எம்.எஸ்ஸி. விவசாயம் முடித்திருக்கிறாள், பயிர் இனப்பெருக்கமும் மரபியலும் பாடம். வந்திருப்பது எஸ்.ஆர்.எஃப்., அதாவது முதுநிலை ஆராய்ச்சியாளர் வேலைக்கு. கடிதத்தை நின்றுகொண்டே எழுதினாள். ‘முற்பகலில்’ என்ற சொல்லை எழுதும்போது மட்டும் பேனா ஒரு கணம் நின்றது. பக்கத்தில் நின்ற அப்பா அந்தச் சொல் முடியும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

ஆணையில் வழக்கமான வாசகங்கள். பணி முற்றிலும் தற்காலிகமானது. திட்டக் காலம் முடியும்வரை மட்டுமே. பணிவரன்முறை கோர உரிமை இல்லை. முன்னறிவிப்பின்றி விடுவிக்கப்படலாம். அப்பா இதை வீட்டிலேயே பலமுறை படித்திருக்க வேண்டும். தாளின் மடிப்புகள் நைந்திருந்தன. ஆனாலும் மகள் அடுத்த அறைக்குப் போன பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இது பெர்மனென்ட் ஆவறதுக்கு வழி ஏதாச்சும் இருக்குதுங்களா, சார்?”

கண்காணிப்பாளர் நல்ல மனிதர். பொய் சொல்ல மாட்டார். “இல்லீங்க. திட்டம் மூணு வருஷம். அதுக்குள்ள பொண்ணு பரீட்சை எழுதட்டும், பி.எச்டி. சேரட்டும். இங்க கத்துக்கறது எங்கயும் வீண் போவாது.”

அப்பா தலையாட்டினார். ஆணையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு வராந்தா ஓரம் போய், எதிரே தெரிந்த வயலை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வானம் பார்த்த பூமிக்காரர். அவ்வளவு தண்ணீரையும் அவ்வளவு பச்சையையும் ஒருசேரப் பார்ப்பது அவருக்குப் புதிதாக இருந்திருக்கலாம். அந்த வயலுக்கும் அவர் மகளுக்கும் இனி என்ன உறவு என்பது அவருக்குப் பிடிபட்டதா என்று எனக்குத் தெரியாது. மதியப் பேருந்துக்கு அவர் கிளம்பிப் போனார்.

இங்கே புதிதாக வருகிறவர்கள் ஒன்றை எதிர்பார்த்து வருகிறார்கள். ஆராய்ச்சி என்றால் குளிர்சாதன அறை, வெள்ளை மேலங்கி, கணினித் திரை. அதெல்லாம் எங்கள் நிலையத்திலும் உண்டு. ஆனால் முதல் நாள் யாரையும் அங்கே விடுவதில்லை. பேராசிரியர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, “செருப்பக் கழட்டிட்டு நடப்பியாம்மா?” இரண்டாவதாக, அவள் விரல்களுக்கிடையில் இருந்த பேனாவைப் பார்த்துவிட்டு, மேசை அறையைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்துக் கொடுத்தார். வயலில் எழுதும் சீட்டு, குறிப்பேடு இரண்டுக்கும் பென்சில்தான். பனியிலும் மழையிலும் மை கரைந்து ஓடிவிடும். பென்சில் எழுத்து நிற்கும். எண் தப்பாகிவிட்டால் ரப்பரால் அழிக்கக் கூடாது. ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். அடித்த எண்ணும் படிக்கிறமாதிரி இருக்க வேண்டும். ஏனென்றால் பின்னால் வருகிறவர்களுக்கு அதுவும் ஒரு தகவல்.

பேராசிரியர் மூன்று நிமிடத்தில் சொன்ன இந்த விதிகளை நான் ஆராய்ச்சியின் அரிச்சுவடி என்றே நினைக்கிறேன். கணக்கெழுதுகிற எங்களுக்கும் இதே விதிதான்.

அது பூக்கும் பருவம். மேட்டூர் திறந்து, ஆனி ஆரம்பத்தில் நாற்று விட்ட குறுவைப் பயிர் தொண்டைக்கதிரைத் தாண்டிக் கதிர் வெளியே வந்துகொண்டிருந்தது. கிராஸிங் வயலில் ஒவ்வொரு ரகத்தையும் பத்து நாள் இடைவெளி விட்டு மூன்று முறை விதைத்திருப்பார்கள். ஒன்று குறுகிய வயது, இன்னொன்று நீண்ட வயது என்று இருக்கும். தாயும் தகப்பனும் ஒரே சமயத்தில் பூத்தால்தான் கலப்பு நடக்கும். அதற்கான ஏற்பாடு அது. தாயாக வேண்டிய செடியைத் தூரோடும் மண்ணோடும் பெயர்த்துத் தொட்டியில் வைத்து வேப்பமர நிழலுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

அந்த நிழலில் ஒரு முக்காலி பல வருடங்களாக ஒரே ஆளுடையது. பண்ணைத் தொழிலாளியாக இருக்கும் ஒரு அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. நிலையத்தில் நடக்கும் நெல் கலப்பில் பெரும்பங்கு அவர் கையால் நடக்கிறது. அவரிடம்தான் அந்தப் பெண்ணைக் கொண்டுபோய் விட்டார்கள்.

அன்று பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். நான் சன்னலை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டேன்.

“உக்காருங்க மேடம்” என்றார் அக்கா. பெண் கூச்சத்தோடு எதிர் முக்காலியில் உட்கார்ந்தாள். அக்கா ஒரு கதிரைச் சுட்டு விரலால் தூக்கிக் காட்டினார். கண்ணாடி இலையின் உறையிலிருந்து பாதிக்கு மேல் வெளியே வந்த கதிர். நுனியில் இருந்த நெற்பூக்கள் காலையிலேயே பூத்து முடிந்திருந்தன; அவற்றைக் கிள்ளி எறிந்தார். அடியில் இருந்தவை இன்னும் பிஞ்சு, அவற்றையும் கிள்ளினார். நடுவில் மிஞ்சியவைதான் நாளைக்குப் பூக்கப் போகிறவை. அது எப்படித் தெரியும் என்று பெண் கேட்டாள். அக்கா கதிரை வெயில் பக்கம் திருப்பிப் பிடித்தார். பச்சை உமிக்குள் மகரந்தப்பைகளின் நிழல் தெரியும். நிழல் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தால் நாளை. அடியிலேயே இருந்தால் இன்னும் நாளாகும். புத்தகத்தில் இதுவும் இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் படித்தவள் இப்போது தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் அந்த உமியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, “ஆமா, தெரியுது” என்று சத்தமாகச் சொன்னாள். கணக்குப் பிரிவு வரைக்கும் கேட்டது.

அடுத்தது கத்தரிக்கோல். ஒவ்வொரு பூவின் மேற்பகுதியிலும் மூன்றில் ஒரு பங்கைச் சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டினால் உள்ளே ஆறு மகரந்தப்பைகள் தெரியும், வெளிறிய மஞ்சளில். கூர்முனை இடுக்கியை உள்ளே விட்டு ஆறையும் எடுக்க வேண்டும். அடியில் இறகுபோல் இரண்டாகப் பிரிந்திருக்கும் சூல்முடியில் இடுக்கி படக் கூடாது. பை ஒன்றுகூட உள்ளே உடையக் கூடாது. நெல் தன் மகரந்தத்தையே ஏற்றுக் கருத்தரிக்கும் பயிர். அதனால்தான் இவ்வளவு பாடு.

“ஆறுல ஒண்ணு உள்ள நின்னுபோனாலும் அதுவே மணியாயிடும் மேடம். அப்பறம் அது கிராஸு இல்ல. வெறும் தாய்தான்” என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே அவர் கை வேலையைப் பார்த்தது. வெட்டு, இடுக்கி, எடு. அடுத்தது. அவர் இடது கை கதிரைத் தாங்கியிருந்த விதத்தில் ஒரு நடுக்கமும் இல்லை.

பெண் கையில் எடுத்த முதல் பூ இரண்டாகக் கிழிந்தது. இரண்டாவதில் சூல்முடியே வெளியே வந்துவிட்டது. மூன்றாவதில் ஆறையும் எடுத்துவிட்டாள். எடுத்ததை உள்ளங்கையில் வைத்து எண்ணிப் பார்த்தாள். அக்கா சிரிக்கவில்லை, பாராட்டவும் இல்லை. அந்தப் பெண் முடித்த கதிரை வாங்கி, ஒவ்வொரு பூவாகக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து, சந்தேகப்பட்டதையெல்லாம் கிள்ளி எறிந்தார். கதிரில் மிஞ்சியது சொற்பம். அதற்கு வெண்ணெய்த்தாள் உறை போட்டு, அடியில் மடித்துக் குத்தினார்.

“இது போதும். நெறைய வேணாம். நிசமா இருந்தாப் போதும்” என்றார்.

பிறகு சீட்டு. தாயின் பெயர் முதலில், சாய்கோடு, தகப்பன் பெயர். இன்றைய தேதி. நாளை மகரந்தம் தூவிய பிறகு நாளைய தேதி. கீழே சுருக்கொப்பம். பெண் பென்சிலால் எழுதிக் கட்டினாள். சுருக்கொப்பம் அவளுடையது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு நெல் பூக்கத் தொடங்கியது. இதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: உமி இரண்டாகத் திறந்து, மகரந்தப்பைகள் நூலில் தொங்கிக்கொண்டு வெளியே வரும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் திறந்திருக்கும். பிறகு பூ மூடிக்கொள்ளும். அதற்குப் பின் அது நெல். வெளியே வந்த மகரந்தத்துக்கு உயிர் சில நிமிடங்களே. தகப்பன் கதிரை வெட்டி வந்து, உறையைத் திறந்து, நேற்று வெட்டிய பூக்களின் மேல் பிடித்துச் சுண்ட வேண்டும். காற்று அடித்தால் நின்றுவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரம் வேப்பமரத்தடியில் யாரும் பேசுவதில்லை. வராந்தாவில் யாராவது சத்தம் போட்டால் அக்கா நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார். இணைப் பேராசிரியரானாலும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அந்தப் பெண் குனிந்து சுண்டியபோது தாவணி போல் தோளில் கிடந்த துப்பட்டா கதிரில் பட்டது. அடுத்த நாளிலிருந்து அதை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். யாரும் சொல்லவில்லை. இப்படிச் சொல்லாமலே திருத்திக்கொள்கிறவர்களைப் பார்க்கும்போது, இந்தப் பிள்ளை தேறிவிடும் என்று எனக்குத் தோன்றும். பெரும்பாலும் தேறிவிடுவார்கள்.

ஐந்தாறு நாள் கழித்து உறையைப் பிரித்தால் எத்தனை பிடித்திருக்கிறது என்று தெரியும். பிடித்த பூவில் வெட்டிய உமிக்குள் பச்சையாக ஒரு பிஞ்சு மணி தலைநீட்டும். அவளுடைய முதல் கதிரில் பிடித்தது இரண்டே மணி. அக்காவின் கதிர் பாதிக்கு மேல் பிடித்திருந்தது. அவள் முகம் வாடியதைச் சன்னல் வழியாகவே பார்க்க முடிந்தது. அக்கா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. “நாளைக்கு ரெண்டு தொட்டி எடுத்து வெச்சிருக்கேன் பாப்பா” என்றார். ‘மேடம்’ ‘பாப்பா’ ஆனது அன்றைக்குத்தான்.

மற்ற வேலைகள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தூர் எண்ணுவது, செடியின் உயரம் அளப்பது, பாதி கதிர் பூத்த நாளைக் குறிப்பது. மதியத்தில் விதை அறையில் உட்கார்ந்து சென்ற பருவத்துக் கதிர்களை உதிர்த்து நிறைமணி வேறு, பதர் வேறு என்று பிரித்து எண்ணுவது. ஆயிரம் மணி எண்ணி எடை போடுவது. மாலையில் எழுந்தால் அவள் விரல் நுனிகளில் உமியின் சுணை ஏறிச் சிவந்திருக்கும். கும்பகோணத்தில் ஒரு மகளிர் விடுதியில் தங்கியிருந்தாள். மாலைப் பேருந்துக்கு ஓடும்போதும் குறிப்பேடு கையில் இருக்கும்.

அவள் படித்து வந்தது வீணாகப் போகவில்லை. அதற்கும் நாள் வந்தது. அறுவடையான கலப்பு விதைகளை ஐப்பசியில் முளைக்க வைத்தார்கள். முளைத்தவற்றில் எது மெய்யான கலப்பு, எது தாய் தானாகப் பிடித்தது என்று இலையிலிருந்து டி.என்.ஏ. எடுத்து மார்க்கர் கொண்டு சோதிக்கலாம். மெய்யான கலப்பு என்றால் ஜெல் படத்தில் தாயின் பட்டையும் தகப்பனின் பட்டையும் சேர்ந்து இரண்டு தெரியும். தானே பிடித்தது என்றால் தாயின் பட்டை ஒன்று மட்டும். அந்தச் சோதனையை அவளே செய்தாள். அன்று மின்சாரம் போய்விட்டதால் ஜெல் படத்தின் அச்சுத்தாளை எடுத்துக்கொண்டு வராந்தாப் பெஞ்சுக்கு வந்து, அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினாள். எனக்கு ஐந்தடி தூரம்.

கறுப்புத் தாளில் வெள்ளைக் கோடுகள். “அக்கா, ரெண்டு கோடு இருக்குல்ல, இதெல்லாம் நம்ம கிராஸு. தாயும் இருக்கு, தகப்பனும் இருக்கு.”

அக்கா தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்தினார். “இதுல ஒண்ணுதான இருக்கு?”

“ஆமாக்கா. அது தானா பிடிச்சது.”

“எந்தத் தொட்டி அது?”

பெண் குறிப்பேட்டைப் புரட்டி எண்ணைச் சொன்னாள். சீட்டில் சுருக்கொப்பம் பெண்ணுடையதுதான். ஆனால் கதிர் அக்கா செய்தது. அக்கா கொஞ்சம் யோசித்தார். “அன்னிக்கு நாலு மணிக்கு மேல ஆயிடுச்சு. வெளிச்சம் பத்தல. ஒண்ணு உள்ளாறயே நின்னுருக்கும்” என்றார். ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு மாலையின் வெளிச்சம் அவருக்கு நினைவிருந்தது. பெண் உடனே குறிப்பேட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டாள்: மாலை, வெளிச்சக் குறைவு. ஐந்தாவது படித்தவரும் முதுகலை படித்தவளும் ஒரே தாளின் மேல் குனிந்திருந்தார்கள். நான் இந்த நிலையத்தில் பார்த்த மிக நல்ல ஆராய்ச்சிக் கூட்டம் அதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

இப்படிப் பிறந்த விதை ரகமாக வெளிவர எத்தனை காலம் ஆகும் என்று வெளியே பலருக்குத் தெரியாது. முதல் தலைமுறையில் எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டாம் தலைமுறையில் குணங்கள் பிரிந்து சிதறும். நூற்றுக்கணக்கில் நட்டு, நல்லதை மட்டும் பொறுக்க வேண்டும். ஐந்தாறு தலைமுறை பொறுக்கியபின் குணம் நிலைக்கும். அப்புறம் நிலையத்தில் மகசூல் ஒப்பீடு, பல ஊர் நிலையங்களில் ஒப்பீடு, விவசாயிகள் வயலில் சோதனைத் திடல், கடைசியில் வெளியீட்டுக் குழு. பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிவிடும். அவள் ஆணையில் இருக்கும் திட்டக் காலம் மூன்று வருடம். அவள் தொட்ட நெல் பை ஏறிக் கடைக்கு வரும்போது அவள் இங்கே இருக்க மாட்டாள்.

என் அறைக்குப் பின்னால் ஒரு மர அலமாரி. பழைய கிராஸிங் பதிவேடுகள் அதில் இருக்கின்றன. தணிக்கைக்காக அவ்வப்போது திறப்பேன். திறந்தால் படிக்காமல் மூடியதில்லை. நெல்லின் வம்சாவளி மனித வம்சாவளியைவிட ஒழுங்காக எழுதப்பட்டது. கோயம்புத்தூரில் நெல் இனப்பெருக்க நிலையம் 1912-இல் தொடங்கியது. ஆடுதுறையில் 1922-இல். கிச்சிலிச் சம்பா என்று நம் வீடுகளில் பெயர் பெற்ற ஜி.இ.பி. 24 கோயம்புத்தூரிலிருந்து 1921-இல் வந்தது. அதைக் கோ 18-உடன் கலந்து பிறந்தது டி.கே.எம். 6. அந்த டி.கே.எம். 6 கடல் தாண்டிப் பிலிப்பைன்ஸ் போய், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தகப்பனாகி, 1969-இல் ஐ.ஆர். 20 ஆக வெளிவந்தது. ஐ.ஆர். 20-ஐத் தகப்பனாகவும் கேரளத்தின் திரிவேணியைத் தாயாகவும் வைத்துப் பிறந்தது, 1980-இல் வெளியான ஆடுதுறை 36. இடையில் 1965-இல் வந்த ஆடுதுறை 27-க்கும் ஜி.இ.பி. 24 ஒரு பெற்றோர். மற்றது ஜப்பானின் நோரின் 10. படுகையின் குறுவை வயல்களில் ஆடுதுறை 36 ஓடிய காலத்தில், அந்தச் சோற்றைத் தின்றவர்கள் எல்லாரும் கிச்சிலிச் சம்பாவின் வாரிசைத்தான் தின்றார்கள்.

இத்தனையும் நமக்குத் தெரிகிறது என்றால், யாரோ ஒருவர் ஒவ்வொரு கதிரிலும் சீட்டு எழுதிக் கட்டியதால்தான். ஒரு சீட்டு மாறியிருந்தால் வம்சாவளி அங்கேயே அறுந்திருக்கும். அந்தப் பெண்ணுக்குப் பேராசிரியர் முதலில் பென்சிலைக் கொடுத்தார் என்பதன் கனம் இதுதான்.

பதிவேடுகளைப் புரட்டும்போது என் கண்ணில் விழுந்த இன்னொன்றும் உண்டு. சுருக்கொப்பங்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே வருகின்றன. திட்டம் முடிந்து போனவர்கள், தேர்வு எழுதி வேறு துறைக்குப் போனவர்கள், கல்யாணமாகிப் போனவர்கள், பி.எச்டி.க்குப் போனவர்கள். ஒவ்வொருவருடைய கையெழுத்தும் எனக்கு அடையாளம் தெரியும். ஆனால் அந்த வருடங்கள் முழுவதும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கதிரைப் பிடித்திருந்த கை மாறவே இல்லை. அந்தக் கையின் பெயர் பதிவேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. என்னிடம் இருக்கும் கூலிப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது.

தற்காலிகமாக வருகிறவர்கள் பாடும் எளிதல்ல. திட்டப் பணம் தவணை தவணையாக வருகிறது. முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்று போய், அது ஏற்கப்பட்டு, அடுத்த தவணை இறங்கும்வரை சம்பளம் நிற்கும். மார்கழியில் அந்தப் பெண் என் மேசைக்கு வந்தாள். “சார், இந்த மாசமாவது வருமா?” விடுதிக்கு இரண்டு மாதப் பணம் பாக்கி என்று பிறகு வேறொருவர் சொல்லித் தெரிந்தது. அவளிடம் நான் சொல்ல முடிந்தது, சான்று அனுப்பியாகிவிட்டது என்பது மட்டும். “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு விதை அறைக்குப் போனாள். அன்றும் ஆயிரம் மணி எண்ணினாள். அன்றைய பதிவேட்டை நான் பார்த்தேன். எண்கள் கோணாமல், வரிசை தவறாமல் இருந்தன. பணம் தையில் வந்தது. வந்த அன்றே நிலுவை முழுவதையும் சேர்த்துப் பில் போட்டுக் கையெழுத்துக்கு அனுப்பினேன். இப்படிப்பட்ட பிள்ளைகளைக் காக்க வைப்பது இந்த நாட்டு ஆராய்ச்சிக்கே கேடு என்று எனக்கு அழுத்தமாகத் தோன்றுகிறது. நிரந்தரம் தர முடியாது என்று ஆணையில் எழுதுகிறவர்கள், மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு என்பதையாவது உறுதி செய்ய வேண்டும்.

அந்தப் பெண் இப்போதும் இங்கேதான் இருக்கிறாள். இரண்டாம் வருடம். அவள் செய்யும் கதிரை அக்கா இன்னும் வாங்கிப் பார்க்கிறார். ஆனால் இப்போதெல்லாம் கிள்ளி எறிவது குறைவு. சென்ற வாரம் புதிதாக ஒரு பையன் பணியேற்றான். அவனை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனவள் இவள்தான்.

நெல் நிலையங்களையும் மற்ற ஆராய்ச்சி நிலையங்களையும் நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. கிராஸிங் பதிவேட்டில் தாய், தகப்பன், தேதி, சுருக்கொப்பம் என்று நான்கு கட்டம் இருக்கிறது. ஐந்தாவதாக ஒன்று போடுங்கள்: கலப்புச் செய்தவர் பெயர். ரகம் வெளியாகும் நாளில் கோப்பில் விஞ்ஞானிகளின் பெயர்களோடு, இடையில் வந்து போன எஸ்.ஆர்.எஃப். பிள்ளைகளின் பெயர்களும், முக்காலியில் உட்கார்ந்திருந்த தொழிலாளியின் பெயரும் முழுதாக இருக்கட்டும். இதற்குத் தனி நிதி ஒதுக்க வேண்டியதில்லை. கணக்குப் பிரிவில் இருப்பவன் சொல்கிறேன், ஒரு பைசா செலவாகாது.